தமிழில் எழுதினால் குறைவா?



சட்டக்கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றியல்ல. "ராத்தா, தமிழில் எழுதினால் கொழும்பில் குறைவாகப் பார்ப்பார்களா?" என்பதுதான். மருதமுனையிலும் கேட்டார்கள், பாண்டிருப்பிலும் கேட்டார்கள். பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

புதுக்கடையில் இருக்கும் இலங்கைச் சட்டக்கல்லூரி 1874இல் தொடங்கப்பட்டது. அதன் பரீட்சைகளைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றில் எந்த மொழியிலும் எழுதலாம். 2020 டிசம்பர் 30இல் வெளிவந்த ஒரு வர்த்தமானி, இனி ஆங்கிலத்தில் மட்டுமே எழுத வேண்டும் என்றது. அதைக் கேட்டுப் புத்தகத்தை மூடிவைத்த பிள்ளைகளை நான் அறிவேன். கிராமத்துப் பாடசாலையில், அதுவும் இடம்பெயர்ந்து இரண்டு மூன்று பாடசாலை மாறிப் படித்தவர்களுக்கு அது கதவை அடைத்த மாதிரித்தான். கடைசியில் 2023 மார்ச் 21இல் அந்த ஒழுங்குவிதி பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. எதிராக 113 வாக்குகள், ஆதரவாக ஒன்றே ஒன்று. ஆகவே தமிழில் எழுதுவது யாரும் இரக்கப்பட்டுத் தந்த சலுகையல்ல. நமது கல்முனை நீதிமன்றத்தின் வழக்கு மொழியும் தமிழ்தானே!

அதற்காக ஆங்கிலத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் அச்சாகின்றன. வாசிப்பது ஆங்கிலத்தில், எழுதுவது தமிழில் என்று பழகிக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லையும் வலப்பக்கம் தமிழ்ச் சொல்லையும் எழுதி வாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

தைரியம் வந்த பிறகு வினாத்தாளைத் தொடலாம் என்று காத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கும். கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுத்து, மணிக்கூட்டை முன்னால் வைத்து, ஒரேயொரு கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள். முதல் விடை மோசமாகத்தான் வரும். அதை இன்னொரு சகோதரியிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். நீங்களும் அவருடையதைத் திருத்துங்கள். பத்தாவது விடையை எழுதும்போது கை நடுங்குவது குறைந்திருக்கும். பிள்ளை உறங்கிய பின் கிடைக்கும் ஒரு மணித்தியாலம் இதற்குப் போதும். வீட்டில் மாமி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், சித்தியடைந்த அன்று ஊருக்கெல்லாம் சொல்லப்போவதும் அவர்தான்.

எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு சகோதரி இருந்தார். கணவர் காணாமற்போனவர். சான்றுக் கட்டளைச் சட்டத்தை எடுத்தாலே, "எனக்கு விளங்காது" என்று ஒதுங்கிவிடுவார். ஒருநாள் அதன் 108ஆம் பிரிவுக்கு வந்தோம். ஒருவரைப் பற்றிச் செய்தி கிடைத்திருக்க வேண்டியவர்களுக்கே, சட்டம் குறிப்பிடும் காலம் முழுவதும் ஒரு செய்தியும் கிடைக்கவில்லை என்று எண்பிக்கப்பட்டால், அவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவரே அதை எண்பிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டத்தையும், 2016இல் அதற்கு வந்த திருத்தத்தின்படி காணாமற்போனவர் என்று சான்றிதழ் பெறும் வழியையும் அவர்தான் எங்களுக்கு விளக்கினார். கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து அலைந்து படித்த பாடம் அது. ஆனால் விடையை எழுதியபோது முழுவதும் தன் கதையாகவே எழுதிவிட்டார். அழுதுகொண்டே எழுதியிருப்பார் போலும். "இதில் பிரிவு எங்கே, எண்பிக்கும் சுமை யாருடையது என்று எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கடினமான கேள்விதான். பரீட்சகர் அதைத்தானே தேடுவார்? மறுவாரம் அதே விடையைப் பிரிவோடும் காரணத்தோடும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். அன்று முதல் குழுவில் சான்றுச் சட்டக் கேள்விகளைத் திருத்துவது அவருடைய வேலையானது.

இறுதிப் பரீட்சை முடிந்ததும் ஆறு மாதம் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் பயிற்சி பெற வேண்டும். அதற்காகக் கொழும்பில் அறை தேடத் தேவையில்லை. நமது ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் மூத்தவர்களை இப்போதே விசாரித்து வையுங்கள்.