"விவசாயி இருக்காருங்களா?"

சினிமாவில் வசந்த காலம் வந்தால் கதாநாயகி பூவைச் சுற்றி ஓடுவாள். எங்கள் காரைக்கால் பக்கம் மாசி, பங்குனிதான் வசந்தம். நானும் பூவைச் சுற்றித்தான் ஓடுகிறேன். என்ன, அது உளுந்தம்பூ!

போன வாரம் காலை ஏழரை மணி. புடவைக்கு மேலே என் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசு, முதுகில் தெளிப்பான். உளுந்து பூக்கிற நேரத்தில் டி.ஏ.பி. கரைசல் அடித்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாளே 20 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கி அடிக்க வேண்டும். ஃபில்டர் காபிக்கு டிகாஷன் இறக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி!

வரப்போரம் ஒரு பைக் வந்து நின்றது. கையில் ஃபைலுடன் ஒரு தம்பி. மழைச் சேதம் கணக்கெடுக்க வந்தவராம்.

"விவசாயி இருக்காருங்களா?"

"நான்தான் தம்பி."

"இல்லம்மா... விவசாயி!"

சுற்றுமுற்றும் பார்த்தேன். எங்கள் இருவரைத் தவிர ஒரு கொக்குதான் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். நிலம் ஒன்பது மா. (வெளியூர்க்காரர்களுக்கு: மூன்று மா ஒரு ஏக்கர்.) பட்டா என் வீட்டுக்காரர் பேரில். அவர் இருப்பது துபாயில். பதினோரு வருஷமாக நாற்றங்காலிலிருந்து நெல் மூட்டை வரைக்கும் பார்ப்பது நான்.

அதிலும் இந்த உளுந்து இருக்கிறதே, புது மாப்பிள்ளை மாதிரி. கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் முறுக்கிக்கொள்ளும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நெல் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் ஊடே விதையை வீச வேண்டும். ஈரம் அதிகமானால் அழுகும், குறைந்தால் முளைக்காது. நாங்களோ காவிரியின் கடைமடை. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதற்கப்புறம் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் ராத்திரிப் பனியும்தான் உளுந்துக்குச் சாப்பாடு.

இந்தத் தடவை அறுப்பு மெஷின் நாலு நாள் தாமதம். முளைத்த உளுந்து மேலேயே ஏறி இறங்கியது. சக்கரத் தடம் முழுக்க நானும் இரண்டு அக்காமார்களும் குச்சியால் குத்திக் குத்தி மறுபடி ஊன்றினோம். இடுப்பு நிமிர்வதற்குள் மாசி மழை! தாழ்வான மூன்று மாவில் தண்ணீர் தேங்கி, பயிர் மஞ்சளாய் நின்றது.

"பட்டாதாரர் கையெழுத்து வேணும்மா. வெள்ளிக்கிழமை கடைசி" என்றார் தம்பி. என் தொழில் என்று ஒரு கட்டம். நான் வாய் திறப்பதற்குள் 'இல்லத்தரசி' என்று எழுதியாகிவிட்டது.

எங்கள் ஊர் அம்மையார் வெறும் கையில் மாம்பழம் வரவழைத்தார். எனக்கு ஒரு கையெழுத்து வரவழைக்கத் தெரியவில்லையே! போனைப் போட்டேன். துபாயில் அப்போது காலை ஆறு மணி. தம்பி கையிலேயே கொடுத்துவிட்டேன்.

"சார், என்ன ரகம் போட்டிருக்கீங்க?"

"ரகமா? இருங்க, வீட்டுல கேட்டுச் சொல்றேன்."

"எத்தனை கிலோ விதை?"

"அதுவும் அவளைத்தான் கேக்கணும்."

"மழையில எத்தனை மா பாதிப்பு?"

"மழையா? எப்போ? ஆமா, வாய்க்கால்ல தண்ணி வருதா?"

மாசி மாசத்தில் கேட்கிற கேள்வியா இது! தம்பி என்னைப் பார்த்தார். நான் கொக்கைப் பார்த்தேன்.

"ஆடுதுறை 3. ஏக்கருக்கு 10 கிலோ. பாதிப்பு மூணு மா. எழுதிக்குங்க தம்பி" என்றேன். எழுதிக்கொண்டார். பதில் எல்லாம் என்னுடையது. மேலே பேர் மட்டும் அவருடையது. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படிவம் அப்படி.

கும்பகோணத்துக்காரரான விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 2012-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். நிலம் யார் பேரில் இருந்தாலும், பயிர் செய்கிற பெண்ணுக்கு விவசாயி என்று சான்றிதழ் தர வேண்டும் என்றது அது. 2013-ல் காலாவதியாகிவிட்டது. 2026-ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டு என்று ஐ.நா. சபையே அறிவித்தது. ஐ.நா.வுக்குத் தெரிந்த சேதி எங்கள் வரப்புக்கு வந்து சேரவில்லை. நாங்கள்தான் கடைமடையாச்சே!

கையெழுத்து வியாழக்கிழமை துபாயிலிருந்து வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி போனில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்தத் தம்பி கேட்ட ஒண்ணுக்குமே எனக்குப் பதில் தெரியலை. வெக்கமாப் போச்சு. ஆடியில லீவுக்கு வர்றப்போ மூணு மாவை உன் பேருக்கு எழுதி வெச்சிடறேன்."

"எந்த மூணு மா? தண்ணி நிக்கிறதா?"

"சரி, மேட்டுப் பக்கம் எடுத்துக்க."

"ஒன்பதுல மூணுதானா? பாதியாவது வேணும்."

"என்னடி இப்படிப் பேரம் பேசறே?"

"பின்னே... விவசாயி இல்லையா!" என்றேன்.