கப்பலில் தினமும் ‘டிப்ஸ்’ பிடிப்பது ஏன்? தேனி டிரைவரின் பேட்டாவில் இருக்கிறது விளக்கம்

தேனியிலிருந்து மூணாறு, தேக்கடி என்று இரண்டு நாள் டூருக்கு கார் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். கிலோ மீட்டருக்கு இவ்வளவு. கேரளா பெர்மிட் தனி. டிரைவர் பேட்டா நாளுக்கு இவ்வளவு. புக் பண்ணும்போதே டிராவல்ஸ்காரர் சொல்லிவிடுவார், நாமும் தலையாட்டிவிடுவோம். இதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. ஊர் திரும்பி இறங்கும்போது, “அண்ணே, டீ சாப்பிடுங்க” என்று நூறோ இருநூறோ தனியாகக் கையில் வைப்போம். பேட்டா வேறு, டீக்காசு வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் நமக்குப் பாடம் நடத்தியதில்லை.

அதே நாம் சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறினால் மட்டும் குழம்பிப் போகிறோம். பயணம் முடிகிற அன்று பில் வருகிறது. அதில் ‘கிராஜுவிட்டி’ என்று ஒரு வரி. ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு டாலர். “கேட்காமலே எடுத்துட்டானே! டிப்ஸ்னா நாமளா பாத்துக் கொடுக்கிறதுதானே?” என்ற கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. (நம்மூரில் வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

எவ்வளவு பிடிக்கிறார்கள்?

பெரிய அமெரிக்கக் கப்பல் நிறுவனங்களில் சாதாரண அறைக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை. சூட் அறை என்றால் இன்னும் கூடும். குழந்தைகளுக்கும் உண்டு, கைக்குழந்தைக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்கு தருகின்றன. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு இரவு என்று வையுங்கள். 18 டாலர் என்றால் மொத்தம் 288 டாலர். நம்ம பணத்தில் 24 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தேனியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வண்டி வைத்துப் போய் வரும் செலவெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கப்பலில் ஜூஸ், காக்டெயில் என்று தனியாக வாங்கினால் அந்த பில்லிலும் 18 முதல் 20 சதவீதம் தானாகச் சேரும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. பயணத்தின் கடைசி இரவில் அறையைச் சுத்தம் செய்தவருக்கு ஒரு கவர், சாப்பாடு பரிமாறியவருக்கு ஒரு கவர் என்று பயணிகளே கொடுப்பது வழக்கமாக இருந்தது. அப்போது தினமும் ஒரே மேஜை, ஒரே சர்வர். பிறகு கப்பல்கள் பெரிதாகின. ஒரே கப்பலில் பத்துப் பதினைந்து ரெஸ்டாரன்ட். இன்றைக்கு ஒரு இடம், நாளைக்கு வேறொரு இடம். யாருக்குக் கவர் கொடுப்பது? அந்தக் கடைசி இரவு சாப்பாட்டுக்கே வராமல் நழுவிய புண்ணியவான்களும் இருந்தார்கள். இதையெல்லாம் காரணமாகச் சொல்லித்தான் நாள் கணக்கில் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. விளம்பரத்தில் டிக்கெட் விலையைக் குறைத்துக் காட்டலாம். நாளுக்கு 18 டாலரை டிக்கெட்டிலேயே சேர்த்தால் விலை கூடித் தெரியும், பக்கத்துக் கம்பெனிக்கு ஆள் போய்விடும். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் மட்டும் 2019 மே மாதத்திலிருந்து இந்தத் தினசரிக் கட்டணத்தைத் தனியாகப் பிடிப்பதை நிறுத்தியது. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு அது ஒன்றே போதும்.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

விஷயத்தின் மையம் இதுதான். அறை சுத்தம் செய்பவர், சர்வர், உதவி சர்வர், கண்ணில் படாத சலவைக்காரர், சமையலறைப் பாத்திரம் கழுவுபவர் என்று பலருக்கும் இந்தத் தொகை பிரிகிறது. பல நிறுவனங்களில் இவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு. ஒப்பந்தத்தில் ‘மாதம் இவ்வளவு’ என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி பயணிகளின் இந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. பெயர் டிப்ஸ், உண்மையில் சம்பளத்தின் ஒரு துண்டு. முதலாளி கொடுக்க வேண்டியதை பயணியின் பில்லில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேலை நேரத்தையும் பாருங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இன்படி ஏழு நாளில் அதிகபட்சம் 72 மணி நேரம் வேலை வாங்கலாம், அல்லது ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். எந்தக் கணக்கு என்பதை நாடுகள் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது கணக்கில் வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்க வழி இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வாரவிடுமுறை என்று ஒன்று இல்லாமலே பலருக்கு ஓடுகிறது. டெக்கில் வேலை செய்யும் அனுபவமுள்ள மாலுமிக்கு சர்வதேச தொழிலாளர் அமைப்பு வழியாக நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம், 2026 ஜனவரியிலிருந்து மாதம் 690 டாலர். அது மாலுமிக்கான அளவுகோல். தட்டு எடுத்து வைப்பவருக்கு நேரடியாக அது பொருந்தாது.

கப்பல் மிதப்பது ஒரு கடலில், கம்பெனி இருப்பது ஒரு நாட்டில், கப்பல் பதிவாகியிருப்பது பஹாமாஸிலோ பனாமாவிலோ மால்டாவிலோ. தொழிலாளர் சட்டம் பெரும்பாலும் அந்தப் பதிவு நாட்டைத்தான் பின்தொடரும். அமெரிக்கக் கம்பெனி என்பதால் அமெரிக்கக் கூலி கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

நம்ம ஊரில் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதே சண்டை ‘சர்வீஸ் சார்ஜ்’ என்ற பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் சாதாரண ஹோட்டல் பில்லில் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சென்னை, பெங்களூருவுக்கு வேலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: சாப்பாட்டுக்கு மேல் 5 முதல் 20 சதவீதம் வரை ஒரு தொகை, அந்தத் தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி.

2017 ஏப்ரலிலேயே மத்திய நுகர்வோர் துறை ‘இது வாடிக்கையாளர் விருப்பம்’ என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கறாராகச் சொன்னது: சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கொடுக்காதவரை உள்ளே விடமாட்டேன் என்றும் சொல்லக் கூடாது. ஹோட்டல், ரெஸ்டாரன்ட் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதம் தடை வாங்கின. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம்.சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, ஆணையத்தின் வழிகாட்டுதல் செல்லும் என்றார். மனுதாரர்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் அபராதச் செலவும் விதித்தார். சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. அந்த விசாரணையில் 2025 ஆகஸ்டில் நீதிபதிகள் அமர்வு கேட்ட கேள்வி பலருக்கும் நினைவிருக்கும்: 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை உள்ளே இருக்கும் சூழலுக்காக 100 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்றால், அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் எதற்கு?

நீங்களாக மனம் வந்து கொடுப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. கட்டாயமாகச் சேர்ப்பதுதான் தவறு. அப்படிச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் இந்த வழிகாட்டுதல் பேசுவது ஹோட்டல், ரெஸ்டாரன்ட் பற்றி. வெளிநாட்டில் பதிவான கப்பலில் போய் இந்தத் தீர்ப்பைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. அங்கே நீங்கள் ஒப்புக்கொண்ட டிக்கெட் நிபந்தனைகள்தான் பேசும்.

இதே கட்டாயம் இப்போது செல்போனுக்குள்ளும் வந்துவிட்டது. கார் வருவதற்கு முன்பே ‘டிப்ஸ் சேர்த்தால் வண்டி சீக்கிரம் கிடைக்கும்’ என்று ஆப் கேட்கிறதே, அதற்காக 2025 மே மாதம் ஊபருக்கு நுகர்வோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வேலை நடக்கும் முன்பே கேட்பதை டிப்ஸ் என்று சொல்ல முடியாது. ஏலம் என்று சொல்லலாம்.

கொடுத்தால் மட்டும் போதுமா?

நுகர்வோர் சட்டம் நம் பாக்கெட்டைப் பார்த்துக்கொள்கிறது. சர்வரின் பாக்கெட்டை யார் பார்ப்பது? டிப்ஸ் என்பது வாடிக்கையாளர் தருவது, முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1976இல் ஜெய்ப்பூரின் ராம்பாக் பேலஸ் ஹோட்டல் வழக்கிலேயே சொல்லிவிட்டது. 2016இல் ஐடிசி வழக்கிலும் அதே பார்வைதான்: கார்டில் வரும் டிப்ஸை ஊழியருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹோட்டல், அதைச் சம்பளமாகக் கருதி டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த டிப்ஸ் முழுவதையும் ஊழியரிடம் கொடுத்தே தீர வேண்டும் என்று பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் தனிச்சட்டம் இருப்பதுபோல் இங்கே இல்லை. சர்வீஸ் சார்ஜ் விவகாரத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். வசூலிக்கலாமா கூடாதா என்று பல வருடமாக வாதாடுகிறோம். வசூலித்தது பரிமாறியவர் கைக்குப் போனதா என்ற கேள்வி ஓரமாகவே நிற்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் இது வேறு ரூபத்தில் நடக்கிறது. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் சோம்பு வைத்த சின்னத் தட்டில் பில் வரும், மிச்சச் சில்லறையை அதிலேயே விட்டு எழுந்துவிடுவோம். பத்தோ இருபதோ, சர்வர் அண்ணன் எடுத்துக்கொள்வார். இப்போது மேஜையிலேயே கியூஆர் அட்டை. 187 ரூபாய் பில் என்றால் 187 ரூபாய்தான் போகிறது. சில்லறை என்ற ஒன்றே மிஞ்சுவதில்லை. தாராள மனசோடு 200 என்று போட்டாலும் அது முதலாளியின் கணக்கில்தான் விழும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக குமுளிப் பாதையில் போகும்போது விடிய விடிய இட்லி எடுத்து வைப்பவர்களுக்கு, கூட்டம் கூடியும் கைக்காசு கூடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டைப் பையில் இரண்டு பத்து ரூபாய்த் தாள் வைத்துக்கொள்வது இன்றைக்கும் உதவும்.

அப்போ கப்பலில் என்ன செய்யலாம்?

பேட்டாவை நாம் ஏன் கேள்வி கேட்பதில்லை? முன்கூட்டியே தொகை தெரியும், அது டிரைவருக்குத்தான் என்றும் தெரியும். கப்பல் கட்டணத்தையும் இந்த இரண்டை வைத்தே பாருங்கள். புக் பண்ணும்போது ஏஜென்ட்டிடம் நேரடியாகக் கேளுங்கள்: “கிராஜுவிட்டி டிக்கெட்ல சேர்ந்திருக்கா, தனியா?” முன்பே கட்டிவிடும் வசதி பல நிறுவனங்களில் உண்டு. அதற்குப் பிறகு விலை ஏற்றினாலும் பெரும்பாலும் உங்களைப் பாதிக்காது. விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிய மொத்தத்தை ஒப்பிடுங்கள்.

கப்பலில் விருந்தினர் சேவை கவுன்டரில் கேட்டு இதைக் குறைக்கவோ எடுக்கவோ பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. யூடியூபில் இதை ‘டிரிக்’ மாதிரி சொல்லித் தருகிறார்கள். என் அபிப்ராயம்: சேவையில் உண்மையிலேயே குறை இருந்தால் அன்றைக்கே புகார் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் எடுத்தால், வெட்டு விழுவது கம்பெனிக்கு இல்லை, கீழ்த்தளத்தில் பாத்திரம் கழுவுபவருக்கு. இதைக் கட்டிய பிறகு தனியாக டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. யாராவது மனதுக்குப் பிடித்த மாதிரி கவனித்தால் நேரடியாகக் கையில் கொடுங்கள். அது டீக்காசு.

கேட்டரிங் படித்துவிட்டு கப்பல் வேலைக்கு முயற்சி செய்யும் தேனிப் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ‘மாதம் 1,000 டாலர்’ என்று ஏஜென்ட் சொன்னால், அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கிராஜுவிட்டி எவ்வளவு, பயணிகள் அதை எடுத்துவிட்டால் கம்பெனி ஈடுகட்டுமா என்று கேளுங்கள். பதில் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். ஏஜென்சிக்கு கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா என்று அந்த அலுவலக இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2015இல் இந்தியா ஏற்ற அதே கடல்சார் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் கமிஷன் கேட்கவே கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடிக்கான சிடிசி புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் உங்களுடையது. ‘லட்சம் கட்டினால் சீட்’ என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைக்கும் முன் அந்த உரிம எண்ணைக் கேளுங்கள்.