யாருக்கான உயிரித் தொழில்நுட்பம்?

இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகை முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரி பழங்குடிகளிடம். அதை ஒழிக்க ஒன்றிய அரசு தேசிய இயக்கம் தொடங்கியதோ 2023இல். அதே ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணுச் சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். எந்தப் பழங்குடிக் குடும்பத்தால் வாங்க முடியும்? அரசு ஆய்வகங்கள்தான் அதை மலிவாக்க வேண்டும். அதற்கு நிதி வேண்டும்.

ஆனால், 2020இல் பசுவின் சாணம், மூத்திரத்தை ஆராயச் சிறப்புத் திட்டம் அறிவித்தது அறிவியல் தொழில்நுட்பத் துறை. உயிரித் தொழில்நுட்பத் துறையும் அதில் கூட்டு. 500க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள்.

வரிப்பணம் புனிதத்தை நிரூபிக்க அல்ல, நோயைத் தீர்க்க. ஆய்வு முன்னுரிமைகளைத் தீர்மானிக்கும் குழுக்களில் பழங்குடிகளும் தலித்துகளும் அமர வேண்டும். நோயைச் சுமப்பவர்களுக்கே முதல் சொல்!