பேட்மேன் சிரிக்கக் கூடாதா?

2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'தி டார்க் நைட்' திரைப்படம் வெளியாகி, உலக அளவில் 100 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. குற்றமும் குழப்பமும் சூழ்ந்த ஒரு நகரம், அதைக் காப்பதற்காகத் தன் நற்பெயரையே இழக்கத் துணியும் ஒரு முகமூடி மனிதன் என்று அப்படம் முழுவதும் இருள் கவிந்திருந்தது. அதன்பின் நான்கே மாதங்களில், நவம்பர் 14 அன்று, கார்ட்டூன் நெட்வொர்க் தொலைக்காட்சியில் 'பேட்மேன்: தி பிரேவ் அண்ட் தி போல்ட்' என்ற அசைவூட்டத் தொடர் தொடங்கியது. அதே பேட்மேன்தான், உரிமையாளரும் அதே வார்னர் நிறுவனம்தான். ஆனால், இங்கே வண்ணங்கள் பளிச்சிட்டன. வாரந்தோறும் வேறொரு நாயகன் துணைக்கு வந்தான். தன் வீரப்பிரதாபங்களைத் தானே முழங்கிக்கொள்ளும் அக்வாமேன் குழந்தைகளைச் சிரிக்க வைத்தான்.

ரசிகர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தனர். பெற்றோரைக் கண்ணெதிரே பறிகொடுத்த ஒருவனின் துயரக் கதையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்றது ஓர் அணி. இழந்துபோன குதூகலத்தை மீட்டுத் தந்திருக்கிறார்கள் என்றது மறு அணி. 65 அத்தியாயங்களுடன் அத்தொடர் 2011 நவம்பரில் முடிந்தது; விவாதம் முடியவில்லை. 2013-இல் 'டீன் டைட்டன்ஸ் கோ!' வந்தபோதும், 2017-இல் 'தி லெகோ பேட்மேன் மூவி' வந்தபோதும் அதே வாதங்கள் மீண்டும் எழுந்தன.

சிறுபிள்ளைத்தனமான சண்டை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால், பல தலைமுறைகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு கதை யாருக்காக உருவாக்கப்படுகிறது, அதற்கான செலவை யார் ஏற்கிறார்கள், அதன் உண்மை வடிவம் எதுவென்று யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன. பொருளாதாரம் பயின்றவர்களுக்கு இவை அந்நியமான கேள்விகள் அல்ல.

முதலில், 'அசல் பேட்மேன் இருண்டவன்' என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகியோர் உருவாக்கிய பேட்மேன், 1939 மே மாதத்திய 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆவது இதழில் அறிமுகமானான். அந்தக் கதையில் பெற்றோரின் கொலை பற்றிய பேச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மூலகாரணமாக இன்று கருதப்படும் அந்தத் துயரம், அதே ஆண்டு நவம்பரில், 33-ஆவது இதழில்தான் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் அவன் துப்பாக்கி ஏந்தினான்; கொலையும் செய்தான். 1940-இல் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் அதைத் தடுத்தார். அதே ஆண்டில் வண்ண உடையணிந்த சிறுவன் ராபின் துணைவனாக வந்து சேர்ந்தான். அதாவது, ரசிகர்கள் புனிதமாகப் போற்றும் 'கொல்லாமை' நெறியும், அவர்கள் எள்ளி நகையாடும் குழந்தைத்தனமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. ஒன்றை அசல் என்றும் மற்றதைக் கலப்படம் என்றும் சொல்ல வரலாறு இடம் தரவில்லை.

அதன் பின்னர் ஊசல் இரு திசையிலும் ஆடியது. 1954-இல் காமிக்ஸ் புத்தகங்கள் சிறாரைக் கெடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்து, அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை நெறியை விதித்துக்கொண்டனர். கதைகள் மென்மையாயின. 1966 முதல் 1968 வரை ஆடம் வெஸ்ட் நடித்த தொலைக்காட்சித் தொடர் அந்த மென்மையை முழு நகைச்சுவையாகவே மாற்றியது. 1970-களில் டென்னிஸ் ஓ'நீல், நீல் ஆடம்ஸ் இணை மீண்டும் இருளுக்குத் திரும்பியது. 1986-இல் ஃபிராங்க் மில்லரின் 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' அந்த இருளை நிலைநாட்டியது.

அப்போது நிலைபெற்ற இருள் ஏன் அகலவில்லை? கலைத்தரம் ஒரு காரணம். ஆனால், சந்தையின் அமைப்பு மாறியதே பெரிய காரணம். அதுவரை காமிக்ஸ் இதழ்கள் பத்திரிகைக் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் விற்கப்பட்டன. விற்காதவற்றைத் திருப்பி அனுப்பலாம். சில்லறைக் காசுடன் வரும் சிறுவனே வாடிக்கையாளன். 1970-களில் தொடங்கி, காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக்கடைகள் பெருகின. இவை தள்ளுபடி விலையில் வாங்கும். விற்காததைத் திருப்பி அனுப்ப முடியாது. எனவே, மாதந்தோறும் தவறாமல் வரும், வயதும் வருமானமும் கூடிய வாசகரை நம்பியே அவை இயங்கின. சாதாரண இதழ் 75 சென்டுக்கு விற்ற காலத்தில் மில்லரின் நூல் 2.95 டாலருக்கு விற்றது. அதை வாங்கக்கூடியவர் எட்டு வயதுச் சிறுவர் அல்லர். வாசகருக்கு வயது ஏறியபோது நாயகனின் முகமும் இறுகியது. இருண்ட பேட்மேனே உண்மையானவன் என்ற நம்பிக்கையில், விநியோக முறையில் ஏற்பட்ட அந்த மாற்றத்துக்கும் கணிசமான பங்குண்டு.

இதனால், சிரிக்கும் பேட்மேன் வணிகத்துக்கு அப்பாற்பட்ட வெள்ளை மனத்தவன் என்று ஆகிவிடாது. 1984-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கான விளம்பர நேர வரம்பை நீக்கியது முதல், பொம்மை நிறுவனங்களும் கார்ட்டூன்களும் நெருங்கிய கூட்டாளிகளாயின. 1990-இல் நாடாளுமன்றம் வரம்பை மீட்டெடுத்த பின்பும் அந்த உறவு நீடித்தது. 'யங் ஜஸ்டிஸ்' என்ற தீவிரமான அசைவூட்டத் தொடர் 2013-இல் நின்றுபோனதற்குப் பொம்மை விற்பனை போதாமையே காரணம் என்று அதன் தயாரிப்பாளர் கிரெக் வைஸ்மேன் பின்னர் வெளிப்படையாகவே கூறினார். அத்தொடர் 2019-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. வண்ண வண்ண நாயகர்கள் நிறைந்த தொடருக்குப் பொம்மைச் சந்தையில் இயல்பான சாதகம் உண்டு. ஆனால், 1989-இல் டிம் பர்ட்டனின் இருண்ட திரைப்படம் வந்தபோதும் வவ்வால் சின்னம் பொறித்த சட்டைகள் எங்கும் விற்றன. இருளும் விற்பனைச் சரக்குதான். வாங்குபவரின் வயதுதான் வேறு.

அப்படியானால் ரசிகர்களின் சினம் அர்த்தமற்றதா? அவ்வாறு கூறிவிட முடியாது. ஒருவர் ஒரு கதையை ரசிப்பதால் மற்றவருக்கு அது குறைந்துவிடுவதில்லை; பொருளாதாரத்தில் இதைப் போட்டியற்ற நுகர்வு என்பர். அந்தக் கணக்கில் நூறு பேட்மேன்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழலாம். ஆனால், தயாரிப்புப் பணமும் ஒளிபரப்பு நேரமும் அப்படியல்ல. அவற்றில் ஒன்றுக்குக் கொடுத்தது மற்றொன்றுக்குக் கிடைக்காது. 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' அளவுக்கு மீறி இருண்டுவிட்டதாகப் பெற்றோர் முறையிட, தயாரிப்பு நிறுவனம் இலகுவான படங்களை நாடியது. அந்த வழி 1997-இல் 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்தின் தோல்வியில் முடிந்தது. அடுத்த படத்துக்கு 2005 வரை எட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சிரிப்பு வந்தால் கதையே நின்றுபோகும் என்ற அச்சம் அந்த அனுபவத்தில் விளைந்தது.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், 1970-இல் எழுதிய நூலில், தரம் குறைந்ததாகக் கருதும் நுகர்வோருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: விலகிப்போவது அல்லது குரல் எழுப்புவது. பற்று மிகுந்தவர் எளிதில் விலகுவதில்லை. உரக்கக் குரல் எழுப்புவார். ரசிகர்களின் கூச்சலை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆயினும், அந்தக் குரலிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. முப்பது வயது ரசிகர் மடல் எழுதுவார், மாநாட்டில் எழுந்து கேள்வி கேட்பார். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அக்குழந்தையின் விருப்பம் பொம்மைக் கடையின் கணக்குப் புத்தகம் வழியாக மட்டுமே நிறுவனத்தை எட்டுகிறது. இந்த விவாதத்தில் நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுவே.

சுவையான செய்தி என்னவெனில், அந்தத் தொடரே இந்த விவாதத்துக்கு விடையளித்தது. பால் டினி எழுதி 2009-இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில், பேட்மேன் மீது வெறிகொண்ட மாயக் குள்ளனான பேட்-மைட், ரசிகர் மாநாட்டில் எழும் இதே புகாருக்கு, இந்த நாயகனின் நெடிய வரலாறு பல வடிவங்களுக்கு இடம் தருகிறது என்ற பொருளில் மறுமொழி கூறுகிறான். டினியே எழுதிய இறுதி அத்தியாயத்தில் அதே பேட்-மைட், இருண்ட புதிய தொடர் வர வேண்டும் என்பதற்காக இத்தொடரை ஒழிக்க முயல்கிறான். வெற்றியும் பெறுகிறான். ஆனால், இருண்ட தொடரில் தன்னைப் போன்ற ஒரு கோமாளிக்கு இடமே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. உண்மையிலும், 2013-இல் வந்த இறுக்கமான 'பிவேர் தி பேட்மேன்' 26 அத்தியாயங்களுடன் முடிந்துபோனது.

இலகுவான தொடரில் ஆழம் இருக்காது என்பதும் தவறான எண்ணமே. 2010-இல் வந்த 'சில் ஆஃப் தி நைட்!' அத்தியாயத்தில் பேட்மேன் தன் பெற்றோரைக் கொன்றவனை நேருக்கு நேர் சந்திக்கிறான். பழிதீர்க்கும் வாய்ப்பிருந்தும் கொல்ல மறுக்கிறான். அதில் தந்தைக்குக் குரல் கொடுத்தவர், 1966-இன் கோமாளி பேட்மேனாக நினைவுகூரப்பட்ட ஆடம் வெஸ்ட். அவன் நேர்மையின் மீது நம்பிக்கை வைக்கும் பாத்திரத்துக்குக் குரல் தந்தவர், 1992-ஆம் ஆண்டின் இருண்ட அசைவூட்டத் தொடரில் பேட்மேனாக ஒலித்த கெவின் கான்ராய். இரு மரபுகளும் ஒரே கதைக்குள் கைகோத்துக்கொண்டன. பகைமை ரசிகர்களிடம் இருந்ததே தவிர, படைத்தவர்களிடம் இல்லை.

தொல்காப்பியம் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் நகையே முதலாவதாக நிற்கிறது. அழுகையும் அச்சமும் அதனுடன் ஒரே வரிசையில் வருகின்றன. சிரிப்பைத் தாழ்ந்த சுவையாகக் கருதுவது நம் மரபும் அன்று.

அமெரிக்கச் சட்டப்படி, 1939-இல் வெளியான பேட்மேன் கதைகளின் பதிப்புரிமை 2034 இறுதியில் முடிகிறது. 2035 முதல், அந்தத் தொடக்ககால பேட்மேனை எவரும் தம் விருப்பப்படி வரையலாம். அதுவரை ஒரே நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கே இருளையும் ஒளியையும் பங்கிட்டுக்கொண்டிருக்கும். அந்த நிறுவனத்திடம் ரசிகர்கள் கேட்க வேண்டியது, ஒரு வடிவத்தைக் கொன்று மற்றொன்றை வாழவையுங்கள் என்பதன்று. பொம்மை விற்றாலும் விற்காவிட்டாலும், வளர்ந்தவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என இரண்டுக்கும் இடம் வையுங்கள் என்பதே. இருண்ட பேட்மேனை இன்று போற்றுபவர்களில் பலர், சிறு வயதில் வண்ணத்தில் சிரித்த ஒரு பேட்மேனைக் கண்டுதான் இந்தக் கதைக்குள் நுழைந்திருப்பார்கள். தாம் நுழைந்த வாசலை அடுத்த தலைமுறைக்கு அவர்கள் அடைக்கலாகாது.