வெட்டியதை மறைப்பானேன்?

தோட்டத்துக் கிராணிக்குச் செக்ரோல் புத்தகம் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நின்றவன் பெயருக்கு நேரே அடையாளம் விழாது போயின், அவன் அன்று வந்ததும் இல்லை, உழைத்ததும் இல்லை என்றே ஆகிவிடும். வராதவனை வராதவன் என்று எழுதுவது கணக்கு. வந்தவனை வராதவன் ஆக்குவதோ களவு. இக்களவு கருத்துலகிலும் நடைபெற்று வருகிறது என்பதை எடுத்துக் காட்டவே இவ்வியாசத்தை எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பத்திரிகையில், தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புவதா, தேசியப் பள்ளிக்கு அனுப்புவதா என்று விவாதம் நடந்தது. பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இனத்துரோகிகள் என்பது ஆசிரியர் கட்சி. பெற்றோரை ஏசுமுன் பள்ளியின் குறைகளைக் களைவோம் என்பது என் கட்சி. மும்முறை எழுதினேன், ஒன்றும் வெளிவரவில்லை. அதனால் எனக்கு வருத்தமில்லை. இடமில்லை என்று தள்ளவும், நயமில்லை என்று தள்ளவும் ஆசிரியருக்கு உரிமையுண்டு. ஆனால் விவாதத்தை முடித்து வைத்த நாளில் அவர் எழுதியது யாது? "மாற்றுக் கருத்து ஒன்றேனும் வரவில்லை, தமிழர் அனைவரும் ஒருமனப்பட்டு விட்டனர்" என்பதே! பின்னர் ஒரு திருமண வீட்டில் பட்டணத்து உபாத்தியாயர் ஒருவரைச் சந்தித்தேன். அவரும் இதே கருத்தை இருமுறை எழுதி அனுப்பியிருக்கிறார். ஊரில் தமக்கு மட்டுமே இப்படித் தோன்றுகிறதோ என்று அவரும் ஐயுற்றார்; நானும் ஐயுற்றிருந்தேன். மறைவான வெட்டு செய்யும் தீங்கு இதுதான். ஒருவன் வாயை அடைப்பதோடு அது நிற்பதில்லை. ஒத்த கருத்துடைய நூறு பேரை, ஒருவரையொருவர் அறியாத நூறு தனியர்களாக்கி விடுகிறது.

வெளிப்படையான அடக்குமுறையும் கொடியதே. 1987 அக்டோபரில் நம் மலேசியாவில் 'தி ஸ்டார்', 'சின் சியூ ஜிட் போ', 'வாத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் அனுமதி பறிக்கப்பட்டது. ஆயினும் அக்கொடுமை நாடறிய நடந்தது. வழக்கமாக வரும் பத்திரிகை வாசலில் வந்து விழாமையே அதற்குச் சாட்சியாயிற்று. அடைக்கப்பட்ட கதவைக் கண்டவன், உள்ளே ஏதோ இருக்கிறது என்றாவது அறிவான். கதவே இல்லாதபடி சுவரெழுப்பிப் பூசிவிட்டால் அவன் எதை அறிவான்?

இந்தியாவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை பிறந்தது, பத்திரிகைகள் தணிக்கைக்குள்ளாயின. ஜூன் 28இல் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. ஓர் எழுத்தும் இல்லாத அவ்விடம் ஓராயிரம் எழுத்தின் வேலையைச் செய்தது. உடனே தணிக்கையாளர் விழித்துக் கொண்டனர். இனி வெற்றிடமும் விடலாகாது என்றனர்! வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய தழும்பும் தெரியக் கூடாதாம்! என்னே அவர்தம் அச்சம்!

1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டில் தி.மு.கழக ஆட்சி கலைக்கப்பட்டது. கட்சியினர் பலர் சிறைப்பட்டனர். அவர் பெயர்களை வெளியிடவும் வழியில்லை. பிப்ரவரி 3, அண்ணா மறைந்த நாள். அன்றைய 'முரசொலி', அண்ணா நினைவிடத்துக்கு வந்து அஞ்சலி செலுத்த இயலாதவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. சிறையில் இருப்போர் இவர்களே என்று படித்தவர் புரிந்து கொண்டனர். கணக்கெழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் போல் மனங்கொண்ட செய்தி வேறில்லை. வராதோர் பட்டியலே உண்மையைச் சொல்லிவிட்டது! அந்த ஆட்சியோ 1977 மார்ச்சுத் தேர்தலில் வீழ்ந்தது. பிரதமரே தம் தொகுதியில் தோற்றார். ஊர் வாயை மூடியவர், தம் காதையும் சேர்த்தே மூடிக் கொண்டார்.

அரசாங்கம் செய்தால் அநீதி என்று முழங்கும் நாம், நம் பத்திரிகையிலும் நம் சங்கத்திலும் அதையே செய்யலாமா? "வசைமொழிகளை எல்லாம் அச்சிடச் சொல்கிறாயா?" என்று சிலர் கேட்பர். இல்லை, ஐயா! வசையைத் தாராளமாக நீக்குங்கள். ஆனால் நண்பன் ஏசினால் "உணர்ச்சி மிக்க கடிதம்" என்றும், மாற்றான் பணிவாகக் கேட்டால் "பண்பற்ற கடிதம்" என்றும் இரண்டு படிகளால் அளக்காதீர்கள். "இன ஒற்றுமை குலையுமே!" என்று இன்னுஞ் சிலர் இரங்குவர். கறையான் அரித்த கதவுக்கு வண்ணம் பூசினால் கதவு நிற்குமோ? சாத்திரம் பேசுவோரிடம் சான்று எங்கே என்று கேட்ட நாம், நம்மிடம் கேட்பவனைக் கண்டு ஒளிவது தகுமோ? பகுத்தறிவு பிறர் வீட்டுக்கு மட்டும் உரிய பண்டமன்று.

நான் வேண்டுவன மூன்றே. எவை ஏற்கப்படும், எவை தள்ளப்படும் என்னும் விதியை முன்கூட்டியே அச்சிடுங்கள். விவாதம் முடியும்போது, இக்கட்சிக்கு இத்தனை, அக்கட்சிக்கு இத்தனை, தள்ளியவை இத்தனை என்று கணக்குக் காட்டுங்கள். தள்ளப்பட்டவனுக்குக் காரணத்தை ஒரு வரியில் தெரிவியுங்கள். சங்கக் கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர்களுக்கும் இதுவே என் விண்ணப்பம். "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதுமுன், மறுத்து எழுந்து நின்றவனை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

தோழர்களே! எங்கள் கருத்து வென்றே தீர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வந்தவன் பெயரை வந்தவன் என்று எழுதுங்கள். அவனுக்குரிய கூலி எவ்வளவு என்பதைப் பிறகு பேசிக் கொள்ளலாம்.