மிம்பரில் இருக்கும் வில் பள்ளிக்கூடத்திற்கு வரட்டும்



வில்வித்தையின் சிறப்பைப் பேசும் ஜுமுஆ உரையை நம்மில் கேட்காதவர் எவரும் இருக்க முடியாது. எதிரிகளை எதிர்கொள்ளப் பலத்தைத் திரட்டுமாறு குர்ஆன் (8:60) கூறும்போது, அந்தப் பலம் அம்பெய்தலே என்று நபி (ஸல்) அவர்கள் மும்முறை விளக்கினார்கள். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதைக் கேட்கிறோம், பெருமிதம் கொள்கிறோம், வீடு திரும்புகிறோம். ஆனால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு வில்லைக் கையால் தொட்டிருக்கிறார்கள்?

தொட்டவர்களும் பெரும்பாலும் கோடை முகாமில் தொட்டவர்களே. மே மாதம் வந்தால் ஆர்வமுள்ள சில இளைஞர்கள் ஒரு காலி மனையில் இலக்குப் பலகை நடுகிறார்கள். பிள்ளைகள் திரள்கிறார்கள், புகைப்படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. ஜூனில் பள்ளி திறந்ததும் கூட்டம் கலைகிறது. அடுத்த ஆண்டு அந்த மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுகிறது. வில்கள் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன.

அதே உக்பா (ரலி) அவர்களின் முதுமையை நினைத்துப் பாருங்கள். தள்ளாத வயதில் இரண்டு இலக்குகளுக்கிடையே நடந்து நடந்து அம்பெய்துகொண்டிருந்தார்கள். இந்த வயதில் இவ்வளவு சிரமம் எதற்கு என்று ஒருவர் வினவியபோது, அம்பெய்யக் கற்று அதைக் கைவிட்டவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைக் கேட்டிராவிட்டால் தாம் இப்பாடுபட்டிருக்க மாட்டேன் என்று விடையளித்தார்கள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதே. மிம்பரில் முதல் ஹதீஸைக் கேட்கும் அளவுக்கு இதை நாம் கேட்பதில்லை. கற்பித்துவிட்டுக் கைவிடுவதையே ஆண்டுதோறும் வழக்கமாக்கிக்கொண்ட சமுதாயத்திற்கு இது கசப்பான செய்தி.

ஆகவே நாம் வெளிப்படையாகச் சொல்கிறோம்: கோடை முகாம்களால் வில்வித்தை வளராது. பிள்ளைகள் ஆண்டு முழுவதும் இருக்கும் இடம் பள்ளிக்கூடம். வில் கழகங்கள் அங்கே செல்ல வேண்டும்.

இது வெறும் வசதியைக் கருதிச் சொல்வதன்று. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் வில்வித்தையும் ஒன்று. அவற்றுக்குச் செல்லும் பாதையில் ஒரு மாணவர் தம் பள்ளியின் பெயரால்தான் அடியெடுத்து வைக்க முடியும். கழகத்தின் பெயரால் முடியாது. எவ்வளவு திறமையிருந்தாலும் தலைமையாசிரியரின் கையொப்பமில்லாத பிள்ளைக்கு அந்த வாசல் திறக்காது. மாநில, தேசிய அளவில் ஆடிப் பெறும் சான்றிதழ்களே பின்னர் உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் துணையாகின்றன. பள்ளியைத் தவிர்க்கும் கழகம் இவை அனைத்தையும் பிள்ளைகளுக்கு மறுத்துவிடுகிறது.

சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையரான குகேஷும், அவருக்கு இணையாகப் பேசப்படும் பிரக்ஞானந்தாவும் நம் அம்பத்தூரை ஒட்டிய முகப்பேர், அயனம்பாக்கம் வட்டாரத்து வேலம்மாள் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களின் திறமை இறைவன் அளித்தது. பெற்றோரின் தியாகமும் பெரிது. ஆயினும் போட்டிகளுக்குச் செல்ல விடுப்பும் ஊக்கமும் தந்து ஒரு பள்ளி பின்னால் நின்றது. வில்வித்தையில் தென் கொரியா செய்ததும் இதையே. அங்கே தொடக்கப்பள்ளியிலேயே வில் கைக்கு வந்துவிடுகிறது. 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக்குகளிலும் மகளிர் அணித் தங்கம் அந்நாட்டைவிட்டு வெளியே போகவில்லை.

தமிழகத்தில் நவீன வில்வித்தையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஷிஹான் ஹுசைனி. மதுரையில் பிறந்த அவர் 2025 மார்ச் 25 அன்று மறைந்தார். அவருடைய பொதுவாழ்வின் சில செயல்களோடு நமக்கு உடன்பாடில்லை. வில்லுக்காக அவர் உழைத்த உழைப்பை மறுப்பதற்கும் இல்லை. ஒரு மனிதரின் தோளில் ஒரு கலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மனிதர் போய்விடுவார், கால அட்டவணையில் இடம்பிடித்த வகுப்பு எளிதில் போகாது.

இனி, நம்மவர் எழுப்பும் மறுப்புகளுக்கு வருவோம்.

"காலம் சரியில்லை, முஸ்லிம் பையன் கையில் வில்லைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?" என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அச்சத்திற்கு மருந்து ஒளிவன்று. சுற்றுச்சுவருக்குள் நம் பிள்ளைகள் மட்டும் தனியே பயின்றால்தான் வதந்திக்கு இடமுண்டு. பள்ளி மைதானத்தில், வருகைப் பதிவேட்டோடு, உடற்கல்வி ஆசிரியரின் முன்னிலையில், அண்டை வீட்டுக் கார்த்திக்கும் ஜெனிபரும் அருகில் நிற்கப் பயின்றால் அது ஒலிம்பிக் விளையாட்டு, வேறொன்றும் இல்லை.

இதனாலேயே நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளோடு நின்றுவிடக் கூடாது என்கிறோம். அரசுப் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் முதலில் செல்லுங்கள். அஸ்லம் குலத்தார் கடைவீதியில் இரு அணியாக அம்பெய்துகொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஓரணியின் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். உடனே மற்றோர் அணி கைகளை நிறுத்திக்கொண்டது. காரணம் அறிந்ததும், தாம் எல்லோருடனும் இருப்பதாகக் கூறி அனைவரையும் எய்யச் சொன்னார்கள். புகாரியில் உள்ள இந்நிகழ்ச்சி நமக்குப் போதும். மக்கள் கூடும் இடத்தில் எல்லோரும் எய்தார்கள், எவரும் ஒதுக்கப்படவில்லை.

"பெண் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. உஹதுக் களத்தில் வாளும் வில்லும் ஏந்தி நபியவர்களைக் காத்து நின்ற நுஸைபா (ரலி) அவர்களின் வரலாற்றைப் பெண்கள் பயானில் சொல்லிவிட்டு, மகளின் கையில் வில் வந்தால் முகம் சுளிப்பது எந்த நியாயம்? தலையை மறைத்தும் உடலை முழுதும் மூடியும் ஆட இவ்விளையாட்டில் தடையில்லை. ஈரானின் ஸஹ்ரா நிஅமத்தி சக்கர நாற்காலியில் அமர்ந்து, தலைமறைப்புடன் எய்து, 2012இலும் 2016இலும் பாராலிம்பிக் தங்கம் வென்றார். பெண் பயிற்சியாளர் வேண்டுமென்றால், அவரை உருவாக்குவதும் நம் கடமையே.

"மதிப்பெண் குறைந்துவிடும்" என்போரிடம் ஒன்று கேட்கிறோம்: வாரத்திற்கு இரண்டு மணி நேரத்தைக் கைப்பேசியிடமிருந்து மீட்டுத் தர இயலாதா?

நடைமுறை கடினமன்று. தொடக்க நிலைப் பிள்ளைகள் பத்து மீட்டர் தொலைவில் எய்தால் போதும். பின்புறம் மக்கள் நடமாட்டமில்லாத சுவரும், அதன் முன் அம்பு தடுக்கும் வலையும், எடை குறைந்த சில பயிற்சி வில்களும், கை காக்கும் உறைகளும் இருந்தால் ஒரு வகுப்பு முறை வைத்துப் பயிலலாம். போட்டி வில் ஒன்று லட்சத்தைத் தாண்டலாம்; மூங்கிலால் ஆன இந்திய வில் அவ்வளவு விலையில்லை. கருவிகளைக் கழகம் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் பள்ளி எடுத்துச் செல்லலாம். இரண்டு சீழ்க்கைக்குக் கோட்டுக்கு வருதல், ஒன்றுக்கு எய்தல், மூன்றுக்கு அம்பு எடுக்கச் செல்லுதல் என்ற உலக ஒழுங்கை முதல் நாளே பழக்க வேண்டும். உயிருள்ள எதையும் இலக்காக்கக் கூடாது என்ற நபிமொழியையும் அன்றே சொல்லிக்கொடுங்கள்.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வையற்றோர் தொட்டுணரும் குறிகாட்டியின் உதவியால் அம்பெய்யும் பிரிவு உலகப் போட்டிகளில் உண்டு. அந்தப் பள்ளியின் கதவை முதலில் தட்டும் கழகம் நம்முடையதாக இருந்தால் எவ்வளவு அழகு!

செலவுக்கு ஜகாத்தைத் தொட வேண்டாம். அதற்குரிய எட்டு வகையினரைக் குர்ஆன் (9:60) வரையறுத்துவிட்டது. நம் வலீமா விருந்துகளின் பட்டியலில் இரண்டு வகைப் பதார்த்தங்களைக் குறைத்தால் ஒரு பள்ளிக்கு வேண்டிய வில்கள் வந்துவிடும். ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் இந்தக் கல்வியாண்டில் ஒரே ஒரு பள்ளித் தலைமையாசிரியரைச் சந்திக்கட்டும். விளையாட்டு விழாவில் ஒருநாள் வேடிக்கை காட்ட அழைத்தால் பணிவாக மறுத்து, வாரம் ஒரு வகுப்பு கேளுங்கள். மூன்றாண்டுகள் விடாமல் வருவோம் என்று எழுதிக் கொடுங்கள், எழுதியபடி செல்லுங்கள்.

செயல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. கற்றதைக் கைவிடாதோரின் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் அவன் சேர்ப்பானாக. ஆமீன்.