ஐம்பதாம் நாள் டிராக்டர் எங்கே?

பசுந்தாள் உர விதைக்கு மானியம் என்று மறுபடியும் தண்டோரா. ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2024இல் அறிவித்தபோது 206 கோடி ரூபாயில் 20 கோடியை இதற்கு ஒதுக்கினார்கள். இலக்கு 2 லட்சம் ஏக்கர். விதை மூட்டை வண்டியேறியதும் ஏக்கர் கணக்கு முடிந்துவிடுகிறது. பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழுதார்களா, எத்தனையாவது நாளில் உழுதார்கள் என்று கேட்க ஆளில்லை.

தக்கைப்பூண்டுக்கு வயதுதான் எல்லாம். விதைத்த 45 முதல் 50 நாளில், பூவெடுக்கும் பருவத்தில் தண்டு இளசாக இருக்கும். சேற்றில் அமிழ்த்தினால் சீக்கிரம் மட்கும். தவறவிட்டால் நார் ஏறி விறகாகும். ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, நட்ட நாற்று வெளிறி நிற்கும்.

டெல்டாவில் அந்த நாளைக் குறிப்பது விவசாயி அல்ல, மேட்டூர் மதகு. ஜூன் 12 என்பது மரபு. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. ஆற்றுநீரை மட்டும் நம்பிய வயலில், சித்திரை மழைக்கு விதைத்தது முதல் கணக்கில் முழங்கால் உயரம். இரண்டாவதில் காய்த்து முற்றிய கட்டை. தண்ணீர் வந்த வாரத்திலோ ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் டிராக்டர் வேண்டும்.

நான் ஓயாமல் போடும் கணக்கு ஒன்று உண்டு. ஏக்கருக்கு 10 டன் தழை விழுந்தால் சுமார் 30 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் அது 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. ஆக, ஒரு ஏக்கர் தக்கைப்பூண்டு ஒன்றரை மூட்டை யூரியாவுக்குச் சமம். மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒன்றரை மூட்டை 400 ரூபாய். ஒரு ஏக்கரை மடக்கி உழும் வாடகை இந்த 400 ரூபாய்க்குள் அடங்குமா? யூரியாவின் விலையில் பெரும்பகுதியை ஒன்றிய அரசு சுமக்கிறது. உழவுக்கூலியை விவசாயி சுமக்கிறார்.

இதைப் பார்க்காமல், ‘விழிப்புணர்வு இல்லை’ என்று கருத்தரங்கில் புலம்புகிறார்கள். வயலில் கொளுஞ்சித் தழையை மிதித்தவர்களின் பேரன்களுக்கா விழிப்புணர்வு? களைக்கொல்லி அடித்துச் சாய்க்கலாமே என்கிறது இன்னொரு கூட்டம். மண்ணுயிர் காக்க விஷமாம்! பதில் சொல்வதே வீண்.

விதை மானியத்தை நிறுத்துங்கள். 20 கோடியை 2 லட்சத்தால் வகுத்தால் ஏக்கருக்கு 1,000 ரூபாய். உரிய நாளில் மடக்கி உழுத வயலைக் காட்டுபவரிடம் அந்த ஆயிரத்தைக் கொடுங்கள். விதையை அவரே தேடிக்கொள்வார். மூன்றே ஆண்டில் யூரியாவுக்கு நிற்கும் வரிசை டெல்டாவில் இருக்காது.